மாங்காய், மடக்குக் கத்தி, தென்னாற்காட்டு உருக்கு

இந்த எபிசோட் ஒரு மாங்காயில ஆரம்பிக்குது.

போன கோடையில சேத்தியாத்தோப்புல எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். ஆன்லைன்ல ஆசையா வாங்கின மடக்குக் கத்தி ஒண்ணு பாக்கெட்ல இருந்தது. அலகு, டி2ங்கற டூல் ஸ்டீல். மொட்டை மாடியில உட்கார்ந்து மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டோம். கத்தியைச் சட்டையில ஒரு தடவை தேய்ச்சு மடக்கி வச்சுட்டேன். நாலு நாள் கழிச்சுத் திறந்தா, அலகு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். கீல் பக்கம் செந்துரு.

அப்பாகிட்ட புலம்பினேன். அவர் தன்னோட பழைய பேனாக்கத்தியை எடுத்துக் காட்டினார். தீட்டித் தீட்டிப் பாதி அகலமாத் தேஞ்சு போன கத்தி. துரு மட்டும் இல்லை. "தினம் துடைச்சு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுறேன். அவ்வளவுதான்டா"ன்னார்.

சரி, டூல் ஸ்டீல்னா என்ன? மத்த உலோகங்களை வெட்டவும் துளைக்கவும் அச்சுல அழுத்தவும் உருவாக்கின எஃகு. டி2ல கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். இது ரெண்டும் சேர்ந்து கார்பைடுங்கற ரொம்பக் கடினமான துகள்களா மாறும். அதனால அட்டைப்பெட்டி, கயிறுன்னு எதை வெட்டினாலும் கூர் சீக்கிரம் மழுங்காது.

ஆனா அதே கார்பைடு குரோமியத்துல ஒரு பெரிய பங்கைத் தனக்குள்ள பிடிச்சு வச்சுக்குது. துருவைத் தடுக்க மிச்சம் இருக்கறது போதறதில்லை. துகள்கள் பெரிசா இருக்கறதால, விளிம்பு வளையறதுக்குப் பதிலா சின்னச் சின்னதாச் சில்லு பெயரும். நுனியை விட்டு டப்பா மூடியை நெம்பினா நுனியே போயிடலாம். மழுங்கிட்டா சாதாரணக் கல்லுல தீட்ட நேரம் பிடிக்கும். வைரத்தூள் பதிச்ச தகடு இருந்தா சுலபம். மடக்குக் கத்திக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சாறும் வியர்வையும் கீலுக்குள்ள போய்த் தங்கிடும். அரிவாள்மனையைக் கழுவித் துடைக்கற மாதிரி இதை முழுசாத் துடைக்க முடியாது.

அதாவது, எது பலமோ அதுவேதான் பலவீனமும். இதே அனுபவத்தை 230 வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல ஒரு கத்திக் கைவினைஞர் பதிவு பண்ண வச்சார். அவர் கையில இருந்தது நம்ம நாட்டு எஃகு.

பம்பாயில இருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டியோட தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு 'வூட்ஸ்'ங்கற இந்திய எஃகை அனுப்பி வச்சார். அதைப் பத்தி 1795ல ஜார்ஜ் பியர்சன் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட்ங்கற கைவினைஞர் அந்த எஃகுல ஒரு பேனாக்கத்தி செஞ்சு பார்த்ததை அதுல சொல்றார். அப்போ பேனாக்கத்தின்னா இறகுப் பேனாவோட முனையைச் சீவற கத்தி. ஸ்டோடார்ட் சொன்ன தீர்ப்பு இதுதான்: அடிச்சு உருவாக்கறது பெரும்பாடு, ஆனா பல வேலைகளுக்கு இங்கிலாந்துல இருக்கற எந்த எஃகையும் விட இது மேல். வூட்ஸ்லயும் கார்பன் கிட்டத்தட்ட 1.5 சதவீதம். என் டி2 மாதிரியே.

பியர்சன் தன் தலைப்புலயே இந்த எஃகு பம்பாயில தயாராகுதுன்னு எழுதிட்டார். ஆனா உருக்கின உலைகள் இருந்தது இன்றைய தெலங்கானா, கர்நாடகா, தமிழ்நாட்டுல. 1994ல சாரதா சீனிவாசன் வெளியிட்ட ஆய்வு, பழைய தென்னாற்காட்டுல மேல்சிறுவளூர்ங்கற ஊர்ல இந்த எஃகை உருக்கின தடயங்களைக் காட்டுச்சு. எங்க சேத்தியாத்தோப்பும் அதே தென்னாற்காடுதான். ஸ்கூல்ல இதை யாரும் எனக்குச் சொல்லலை.

இன்னும் பக்கத்துல வரேன். எங்க ஊர் அணைக்கட்டைத் தாண்டற வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில கடல்ல சேருது. அங்க 1830 வாக்குல ஜோசையா மார்ஷல் ஹீத் ஒரு இரும்பு ஆலை வச்சார். கரியும் காசும் பத்தாம அது திணறுச்சு. ஆனா நம்ம ஆளுங்க எஃகு உருக்கற விதத்தை அவர் எழுதி வச்சார்: மண் மூசையில இரும்புத் துண்டு, காஞ்ச ஆவாரங்கட்டை, மேல எருக்கிலை, வாயை மண்ணால அடைச்சு, துருத்தி போட்டு உலையில சூடேத்தறது. கட்டையும் இலையும்தான் இரும்புக்குக் கார்பன் கொடுத்துச்சு.

பிறகு ஹீத் இங்கிலாந்து போய், மூசை எஃகுல மாங்கனீஸ் சேர்க்கற முறைக்கு 1839ல காப்புரிமை வாங்கினார். அதைச் சுத்தி வளைச்சு மத்தவங்க பயன்படுத்திக்கிட்டாங்க. வழக்கு முடியறதுக்குள்ள, 1851ல அவர் இறந்துட்டார். காப்புரிமை வச்சிருந்தவருக்கே அந்தக் கதி. எருக்கிலை போட்டு எஃகு உருக்கினவங்களோட பேரு எந்தப் பத்திரத்துலயும் இல்லை.

வூட்ஸை ஆராய்ஞ்சவங்க பட்டியலைப் பாருங்க. 1819ல மைக்கேல் ஃபாரடே, அதோட சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம்னு நினைச்சார். அது தப்பு. ஆனா அவரும் ஸ்டோடார்ட்டும் தொடர்ந்து எஃகுல வேற உலோகங்களைக் கலந்து பார்த்தாங்க. 1805ல வூட்ஸ் பத்தி எழுதினவர் டேவிட் மஷெட். அவரோட மகன் ராபர்ட் மஷெட், 1868ல டங்ஸ்டன் கலந்த கருவி எஃகைக் கொண்டுவந்தார். இன்றைய டூல் ஸ்டீலுக்கெல்லாம் அது ஒரு மூத்த அண்ணன்.

அந்த வழியில பின்னாடி வந்த ஹைஸ்பீட் ஸ்டீல், சிவக்கச் சூடானாலும் கடினம் குறையாது. பட்டறைகள்ல பழைய ஹாக்சா பிளேடைத் தேய்ச்சுக் கத்தி செய்யறதும் உண்டு. ஆனா மாங்காய் வெட்டறப்ப கத்தி எங்க சிவக்கப் போகுது? கீழ விழுந்தா உடையற ஆபத்துதான் மிச்சம்.

அப்போ டூல் ஸ்டீல் மடக்குக் கத்தி வாங்கலாமா? தினம் பெட்டி பிரிக்கற, கயிறு அறுக்கற வேலைன்னா தாராளமா வாங்கலாம். பழமும் ஈரமுமே வேலைன்னா ஸ்டெயின்லெஸ் போதும். எதை நெம்பவும் ரெண்டையும் எடுக்காதீங்க.

என் கத்தியைக் கழட்டிச் சுத்தம் பண்ணிட்டேன். கறுப்புப் புள்ளிகள் போகலை. இப்போ மேசை டிராயர்ல அதுக்குப் பக்கத்துல ஒரு குட்டிச் சீசாவும் இருக்கு. தேங்காய் எண்ணெய்தான். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.