கரோக்கே அறையில் ஜப்பானியப் பாடல் தேர்வு

கரோக்கே என்பது, பாடகரின் குரல் இல்லாத பின்னணி இசையை ஒலிக்கவிட்டு, வரிகளைத் திரையில் பார்த்தபடி பொதுமக்களே பாடி மகிழும் பொழுதுபோக்கு ஆகும். இது ஜப்பானில் தோன்றியது. 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பைச் சுருக்கியது. வாத்தியக்காரர்கள் இல்லாத வாத்தியக் குழு என்று பொருள் கொள்ளலாம். தமிழில் பலர் இதைக் கரோக்கி என்று சொல்கின்றனர்.

கரோக்கே இயந்திரத்தின் வரலாறு பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. எந்தப் பாட்டைப் பாடுவது என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் இருபது வயது நண்பர்களோடு ஓர் அறையில் அமரும்போது, அந்த வரலாறு முழுவதும் அவர் கையிலுள்ள ஒலிவாங்கியில் வந்து நிற்கிறது. அவர் பாடுவது மற்றவர்களுக்குத் தெரியாத பாட்டாக இருந்தால் அறையில் அமைதி நிலவும். ஆளாளுக்குக் கைப்பேசியைப் பார்ப்பார்கள். ஜப்பானியர் அதை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டவும் செய்வார்கள். அதனாலேயே அந்த அமைதி பாடியவருக்கு உறைக்கும்.

மதுக்கூடத்தில் தொடங்கிய வழக்கம்

கரோக்கே வருவதற்கு முன் ஜப்பானிய மதுக்கூடங்களில் 'நகாஷி' எனப்படும் நாடோடிக் கலைஞர்கள் கிதாரோ அக்கார்டியனோ ஏந்திக் கடை கடையாகச் சென்றனர். வாடிக்கையாளர் காசு கொடுத்தால் அவர்கள் பாடுவார்கள், அல்லது வாடிக்கையாளரின் பாட்டுக்கு வாசிப்பார்கள். பிற்காலத்தில் 'என்கா' இசையின் பெரும்புள்ளியான சபுரோ கிதாஜிமா இளமையில் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் இப்படித் திரிந்தவரே. 1950களில் ஷிஞ்சுகு போன்ற இடங்களில் 'உதாகோயே கிஸ்ஸா' என்ற பாட்டுக் காப்பிக் கடைகளும் இருந்தன. அங்கே மாணவர்களும் தொழிலாளர்களும் ருஷ்ய நாட்டுப்புறப் பாடல்களையும் தொழிலாளர் பாடல்களையும் சேர்ந்திசையாகப் பாடினர்.

தோக்கியோவைச் சேர்ந்த ஷிகெயிச்சி நெகிஷி 1967இல் இத்தகைய இயந்திரம் ஒன்றைச் செய்தார். கோபே நகர மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்களுக்குப் பின்னணி வாசித்துவந்த டாய்சுகே இனோவே 1971இல் '8 ஜூக்' என்ற இயந்திரத்தைத் தனியாக உருவாக்கினார். நிறுவனத் தலைவர் ஒருவர் தம் சுற்றுலாவுக்கு இனோவேயை வாசிக்க அழைத்தார். அவரால் போக முடியவில்லை. இசையை மட்டும் பதிவுசெய்து நாடாவைக் கொடுத்தனுப்பினார். அந்த நாடாவிலிருந்து பிறந்ததே இந்த யோசனை. முதலில் 11 இயந்திரங்கள் செய்து மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். 100 யென் நாணயம் போட்டால் பாடலாம். இனோவே காப்புரிமை வாங்கவில்லை. 2004இல் அவருக்கு இக்நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. மனிதர் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதிய வழி கண்டார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நகைச்சுவைப் பரிசுதான் என்றாலும், காரணம் என்னவோ சரியானது.

அந்நாளில் மதுக்கூடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நடுவயது ஆண்கள். முன்பின் தெரியாதவர்களின் முன்னால் பாட வேண்டும். ஆகவே எல்லோரும் அறிந்த பாட்டே பாதுகாப்பானது. அப்படிப்பட்ட பாட்டுக்குப் பஞ்சமும் இருக்கவில்லை. என்.எச்.கே. ஆண்டிறுதி நாளில் ஒளிபரப்பும் பாட்டுப் போட்டி நிகழ்ச்சியை முழுக் குடும்பமும் ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பார்த்தது. பாட்டிக்குத் தெரிந்த பாட்டு பேரனுக்கும் தெரியும். சயுரி இஷிகாவா 1977இல் பாடிய 'சுகாரு காய்க்யோ ஃபுயுகேஷிகி' இத்தகைய பொதுச்சொத்து எனலாம்.

ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாட்டு வைத்திருப்பர். அதற்கு 'ஒஹாகோ' என்று பெயர். எழுத்தில் அதைப் பதினெட்டு என்ற எண்ணைக் கொண்டு குறிப்பது வழக்கம். கபுகி நாடக மரபில் இச்சிகாவா குடும்பத்தார் தம் சிறப்புக்கு உரியனவாகப் பதினெட்டு நாடகங்களை வகுத்துவைத்ததோடு இவ்வழக்கம் தொடர்புடையது. மேலதிகாரியின் ஒஹாகோவை அவருக்கு முன்பே கீழ் ஊழியர் பாடிவிடுவது பெரிய மரியாதைக் குறைவு. பாடல் தேர்வு என்பது அன்று இசை ரசனையைவிட அலுவலகப் படிநிலையைச் சார்ந்தே இருந்தது.

அறைக்குள் வந்த இளைஞர்கள்

1985இல் ஒகாயாமா மாநிலத்தில் பழைய சரக்குப் பெட்டகம் ஒன்றைப் பாடும் அறையாக மாற்றினார்கள். அதுவே கரோக்கே பாக்ஸ் எனப்படும் தனியறையின் தொடக்கம் என்பர். குடிக்க வேண்டியதில்லை, அந்நியர் முன் பாட வேண்டியதுமில்லை. பள்ளி மாணவர்களும் பெண்களும் பெருமளவில் வரத் தொடங்கினர். 1992இல் தொலைபேசி வழியாகப் பாடல்களை இறக்கும் முறை வந்தது. அதற்கு முன் லேசர் தட்டில் அடங்கிய பாட்டுகளை மட்டுமே பாட முடிந்தது. இப்போது புதிய பாட்டு வெளியான சிறிது காலத்திலேயே அறைக்கு வந்துவிட்டது.

இம்மாற்றம் பாட்டுகளையே மாற்றியது. 1990களின் 8 செ.மீ. சிறு குறுந்தகடுகள் பலவற்றில் பாட்டோடு அதன் குரலற்ற வடிவமும் சேர்த்து விற்கப்பட்டது. வீட்டில் பயிற்சி செய்து, அறையில் நண்பர்கள் முன் அரங்கேற்றம். தெத்சுயா கொமுரோ போன்ற தயாரிப்பாளர்கள் கரோக்கேயில் பாட விரும்பும் இளம்பெண்களை மனத்தில் வைத்தே இசையமைத்தனர் என்று சொல்லப்படுவதுண்டு. ஜப்பானில் குறுந்தகடு விற்பனை 1998இல் உச்சம் தொட்டது. அன்றைய இளைஞர்கள்தாம் இன்று நாற்பதைக் கடந்தவர்கள்.

அதன்பின் இணையம் வந்தது. ஒரே தொலைக்காட்சிப் பெட்டி பல கைப்பேசிகளாகப் பிரிந்தது. ஊரே அறிந்த பாட்டு அரிதாகிவிட்டது.

இடைவெளியைக் கடக்கும் பாட்டுகள்

இரு தலைமுறைகளும் சேர்ந்து பாடக்கூடியவை சில எஞ்சியுள்ளன. அவற்றில் முதலிடம் யோகோ தகஹாஷி பாடிய 'ஸன்கோகு ந தென்ஷி நோ தேஸே' என்ற பாட்டுக்கே தரலாம். 1995இல் 'நியான் ஜெனெசிஸ் எவாஞ்சலியன்' என்ற அனிமே தொடரின் முகப்புப் பாட்டாக வந்தது. அன்று வளர் இளம்பருவத்தில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் கேட்டார்கள். பின்னர் பிறந்தவர்கள் அதன் திரைப்படங்களுக்குப் பிறகு தேடிக் கேட்டார்கள். கரோக்கே தரவரிசைகளில் பல ஆண்டுகள் மேலிடத்தில் இருந்திருக்கிறது. மெட்டு விரைவானது. வரிகள் கடினம். ஆனால் தொடக்கத்தில் ஒருவர் பாடினாலே அறை முழுவதும் சேர்ந்துகொள்கிறது.

ஒக்கினாவாவைச் சேர்ந்த மொங்கோல்800 குழு 2001இல் வெளியிட்ட 'சீசான கோய் நோ உதா' வேறு வகை. பெரிய நிறுவனத்தின் துணையின்றி வந்த தொகுப்பில் இடம்பெற்ற எளிய ராக் பாட்டு அது. பள்ளி விழாக் குழுக்கள் அதை எடுத்து வாசித்தன. அதனால் ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு அறிமுகமாகிக்கொண்டே இருக்கிறது. வானொலியைவிடப் பள்ளி விழாவே பாட்டுக்கு நீண்ட ஆயுள் தருகிறது போலும். எஸ்.எம்.ஏ.பி. குழுவின் 2003ஆம் ஆண்டுப் பாட்டான 'செக்காய் நி ஹிதோத்சு தாகே நோ ஹானா'வும் குரல்வளம் இல்லாதவரும் பாடத்தக்கது.

இளையோரைக் கவர அவர்களது புதிய பாட்டையே பாட முயல்வோர் உண்டு. அது ஆபத்தான வழி. 2007இல் ஹட்சுனே மிகு என்ற செயற்கைக் குரல் மென்பொருள் வந்தபின், மூச்சுவிடத் தேவையில்லாத குரலுக்கு இசையமைத்துப் பழகிய ஒரு தலைமுறை உருவானது. 'லெமன்' பாட்டால் பெயர்பெற்ற கென்ஷி யோனெசுவும், யோவாசோபி இரட்டையரில் இசையமைப்பாளரான அயாசேயும் அவ்வழியில் வந்தவர்கள். யோவாசோபியின் 'யோரு நி ககேரு' 2019இல் வெளியானது. சொற்கள் நெருக்கமாகவும் சுருதி உயர்வாகவும் அமைந்தது. பயிற்சியின்றித் தொடுபவர் முதல் சரணத்திலேயே மூச்சுத் திணறுவார். இயந்திரத்தில் சுருதியைக் குறைக்கும் பொத்தான் உண்டு. ஆனால் அது வேகத்துக்கு உதவாது.

பழைய பாட்டும் சில வேளை புதிதாகத் திரும்பி வருகிறது. மிகி மத்சுபாரா 1979இல் பாடிய 'மயோனாகா நோ தோவா' 2020இல் இணையம் வழியே உலகெங்கும் பரவியது. பாடியவர் 2004இலேயே மறைந்துவிட்டார். தாய் இளமையில் கேட்ட பாட்டை மகள் புதுப்பாட்டாகக் கேட்டாள். மூத்தவர் தம் காலத்துப் பாட்டைக் கூச்சமின்றிப் பாட இன்று இதுபோன்ற பாட்டுகளே துணை.

கட்டாயமும் மறுப்பும்

இதன் மறுபக்கத்தையும் கூற வேண்டும். 1961இல் வந்த 'கின்ஸா நோ கோய் நோ மோனோகதாரி' ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாட்டு. மேலதிகாரிகள் இளம் பெண் ஊழியர்களை அழைத்து அதைப் பாட வைப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. மறுப்பது எளிதாக இருக்கவில்லை. பாட விரும்பாதவரைப் பாடச் சொல்லி வற்புறுத்துவதற்கு இன்று 'கராஹாரா' என்று பெயரிட்டுள்ளனர். கரோக்கே துன்புறுத்தல் என்பதன் சுருக்கம் அது. பெயர் கிடைத்த பிறகே அது தவறு என்று வெளியில் பேசப்பட்டது. தனியாகச் சென்று பாடும் 'ஹிதோகரா' வழக்கமும் பரவியுள்ளது. அங்கே யாருக்காகவும் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

குழுவாகச் செல்வோருக்கு ஒரு கடைசித் தேர்வு மிஞ்சும். நேரம் முடிய ஏறத்தாழ 10 நிமிடம் இருக்கும்போது அறையிலுள்ள தொலைபேசி ஒலிக்கும். நேரத்தை நீட்டிக்க வேண்டுமா என்று வரவேற்பு மேசையிலிருந்து கேட்பார்கள். வேண்டாம் என்றால், இன்னும் ஓரிரு பாட்டுக்கே நேரம். அப்போது யாரும் தம் ஒஹாகோவைத் தேடுவதில்லை. ஒலிவாங்கி கைமாறிக்கொண்டே இருக்கும்படி, எல்லோரும் அறிந்த ஒரு பாட்டின் எண்ணை யாராவது அழுத்துவார்கள்.