கஞ்சிப் பாசியும் கண்ணாடிக் குடுவையும்

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் இறங்கியதும் இந்திய மருத்துவ ஆய்வகங்களுக்கு ஒரு புதுத் தலைவலி வந்தது. நுண்கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் தட்டுகளில் ஊற்ற அகர் கிடைக்கவில்லை. அதுவரை அகர் என்றால் ஜப்பான் சரக்குதான். இத்தனைக்கும் அகர் தரும் பாசி ராமநாதபுரம் கரையோரம் தாராளமாக வளர்ந்து கிடந்தது. கரையோர வீடுகளில் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதும் உண்டு; கஞ்சிப் பாசி என்றுதான் அதற்குப் பெயர்.

ஆனால் கஞ்சி காய்ச்சுவது வேறு, ஆய்வகத்துக்கு ஏற்ற அகர் எடுப்பது வேறு. அந்த வேலையில் இறங்கியவற்றுள் ஒன்று திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் துறை. 1939 முதல் 1946 வரையிலான அதன் ஏழாண்டு அறிக்கையில் அகர் தயாரிப்புக்கும் இடம் உண்டு. மன்னார் வளைகுடாவில் என்னென்ன பாசி இருக்கிறது என்ற கணக்கோ அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்கார் குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927-இலேயே எழுதியிருந்தார். அப்போது அது வெறும் தாவரவியல். பதினைந்து ஆண்டுகளுக்குள் அது தொழிலுக்கான மூலப்பொருள் பட்டியல் ஆகிவிட்டது.

1947-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, விரைவிலேயே கரையோர ஊரான மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. அங்கே பிரான்செஸ்கா திவி குடிசைத் தொழிலாகவே அகர் எடுக்கும் முறையை 1951 வாக்கில் ஆராய்ந்து எழுதினார். பாசியை வெயிலில் வெளுக்கவிட்டு, ஊறவைத்து அரைத்து, கொதிக்கவைத்து வடிகட்டி, இறுகியதை உறையவைத்து உருக்கி உலர்த்த வேண்டும். சமையலறைக்குப் பழக்கமான வேலைதான். உறையவைக்கும் கட்டத்தில்தான் சிக்கல். அன்றைய கடலோரக் குடிசையில் குளிர்பெட்டிக்கு எங்கே போவது? தொழில் மதுரையின் ஆலைகளுக்குப் போனது. பாசி எடுக்கும் வேலை மட்டும் கரையில் தங்கியது.

1966 முதல் தமிழகக் கரையில் பாசி வணிகத்துக்காக எடுக்கப்படுகிறது. தர்காவுக்குப் பெயர்போன ஏர்வாடியும் பாசி கரைசேரும் ஊர்களில் ஒன்று. முகத்தில் கண்ணாடி மாட்டி, பவளக்கல் கிழிக்காமல் விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பெண்கள் பறிக்கிறார்கள். நல்ல விலை மரிக்கொழுந்து என்ற அகர் பாசிக்குத்தான். கட்டைக்கோரை என்ற பாசி அல்ஜினேட் ஆலைகளுக்குப் போகும். எடை தேறும், காசு தேறாது.

மரிக்கொழுந்து மெதுவாக வளரும் பாசி. பறிக்கிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதை வளர்த்தே எடுக்க முடியுமா என்று ஏர்வாடிக் கடலிலேயே சோதனை நடந்தது; அந்த ஆய்வு 1986-இல் வெளியானது. அறிவியலாக அது வெற்றிதான். பிழைப்பாக ஊருக்குள் வரவில்லை. அதே 1986-இல் வளைகுடாவின் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாசி எடுக்கப் போன பெண்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

அடுத்து வந்ததுதான் பெரிய திருப்பம். பாவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம், வேகமாக வளரும் அயல்நாட்டுப் பாசியான கப்பாபைகஸை மண்டபத்தில் 1990-களில் பழக்கியது. 2000-இல் பெப்சி நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தைப் பெற்றது. பன்னிரண்டு அடிச் சதுர மூங்கில் மிதவையில் அறுபது கிலோ விதைப்பாசியைக் கட்டிவிட்டால் நாற்பத்தைந்தே நாளில் அறுவடை. மகளிர் குழுக்கள் வந்தன, வங்கிக் கடன் வந்தது, வாங்கவும் ஆள் இருந்தது. ஆய்வகமும் தொழிலும் கைகோத்ததற்கு இந்தக் கரையில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பாசியைப் பிழிந்து எடுக்கும் சாறு இன்று வயலுக்கு உரமாகவும் போகிறது.

ஆனால் 2008-இல் மதுரை ஆய்வாளர்கள் வேறொரு செய்தி சொன்னார்கள்: கப்பாபைகஸ் குருசடையின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்கிறது. வளர்ப்பை ஆதரித்தவர்கள் அதை மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்த எச்சரிக்கை தொழிலுக்கு இடைஞ்சல் என்று சிலர் முகம் சுளித்தாலும், பக்கத்து ஊர்க் கல்விக்கூடங்கள் செய்ய வேண்டிய வேலை அதுவேதான். 2013-க்குப் பிறகு கடல்நீர் சூடேறி மிதவைப் பாசி கொத்துக் கொத்தாக அழுகியபோது, ஒரே விதைப்பாசியை ஆண்டுக்கணக்காக வெட்டி வெட்டி நட்டதன் பலவீனமும் வெளிப்பட்டது.

இப்போது தொண்டி அருகே வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா திட்டம். 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது. சூடு தாங்கும் விதைப்பாசியும், மரிக்கொழுந்தை விரைவில் வளர்க்கும் வழியும் அங்கிருந்து வரலாம். எந்தப் பவளப் பாரில் எந்த மாதம் பாசி முளைக்கும் என்பதோ பாசி எடுக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. கடற்பாசிப் பூங்காவின் ஆலோசனைக் குழுவில் பேராசிரியருக்கும் ஆலை முதலாளிக்கும் நாற்காலி போடுகிறவர்கள், ஏர்வாடிப் பெண் ஒருவருக்கும் சேர்த்துப் போடட்டும்.