இரண்டு டொலர்த் தாளும் ஒரு சமாதான நீதவானும்

ஊரிலே ஜே.பி. என்றால் எங்களுக்கு யார்? சத்தியக் கடதாசிக்கும் அத்தாட்சிப் பிரதிக்கும் ஒப்பம் வைத்து முத்திரை குத்துகிற பெரியவர். அவர் வீட்டுச் சொத்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார் என்றால் நம்புவீர்களா?

போன மாதம் தெரிந்த ஒருவர் ஒரு போட்டோகொப்பிக் கட்டோடு வந்தார். "அண்ணை, இனி மோட்கேஜ் கட்டத் தேவையில்லையாம். அமெரிக்காவில ஒரு நீதவான் தீர்ப்புச் சொல்லிப் போட்டாராம்" என்றார். தீர்ப்பு உண்மைதான். முழுக்கதையும் கேளுங்கோ.

மினசோட்டா மாநிலத்தில் 1970கள் வரை சமாதான நீதவான்மார் சில்லறை வழக்குகளை விசாரித்தார்கள். கிரெடிட் ரிவர் என்ற ஊரின் நீதவான் மார்ட்டின் மஹோனி, தொழிலால் தச்சர். ஜெரோம் டேலி என்ற வக்கீல் 1964 மே மாதம் மொன்ற்கொமறி என்ற ஊரிலுள்ள வங்கியில் வீட்டை ஈடு வைத்து 14,000 டொலர் எடுத்தார். ஒற்றியல்ல, ஈடு. ஒற்றியென்றால் காணி கடன் கொடுத்தவரின் கையில். வட்டிக்குப் பதில் விளைச்சலை அவர் எடுப்பார். ஈட்டில் வீடு எங்களிடம்தான், தவணை தவறினால்தான் வில்லங்கம். டேலி தவறினார். 1967 யூன் 26 இல் ஷெரிப் வீட்டை ஏலம் விட்டார், எங்கட பிஸ்கால் ஏலம் மாதிரி. வங்கியே அதை எடுத்தது. ஆனால் டேலி எழும்பவில்லை. அவரை எழுப்பத்தான் வங்கி மஹோனியிடம் போனது.

1968 டிசெம்பர் 7 இல் 12 ஜூரிமார் முன்னிலையில் விசாரணை. வங்கி தன் பெட்டியிலிருந்து காசு தரவில்லை, கணக்குப் புத்தகத்தில் எழுதி உண்டாக்கியது, தராத காசுக்கு ஈடு ஏது என்பது டேலியின் வாதம். வங்கித் தலைவரும் சாட்சி சொல்லும்போது, புத்தகத்தில் எழுதித்தான் உண்டாக்கினோம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். ஜூரிமார் டேலி பக்கம் நின்றார்கள். ஈடும் ஏலமும் செல்லாது என்று டிசெம்பர் 9 இல் மஹோனி எழுதினார்.

வங்கி அப்பீலுக்கு இரண்டு டொலர் கட்டியது, இரண்டு தாளாக. அந்தத் தாள்களும் சட்டப்படியான காசில்லை என்று மஹோனி அப்பீலையே மறுத்தார்! வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கொப்பிக் கட்டு இந்த இடத்தோடு முடிகிறது. மிச்சம் அதிலே இல்லை. மினசோட்டா அரசியலமைப்பின்படி 100 டொலருக்கு மேற்பட்ட வழக்கையோ காணி உரித்து வழக்கையோ சமாதான நீதவான் கேட்கவே முடியாது. ஆகவே அந்தத் தீர்ப்பு அதிகாரம் மீறியதென்று செல்லுபடியற்றதாக்கப்பட்டது. மஹோனி 1969 ஆகஸ்டில் காலமானார். டேலியின் வக்கீல் உரிமையை 1971 இல் மாநில உச்ச நீதிமன்றம் பறித்தது. பிறகு இதே வாதத்தோடு போனவர்களையும் நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பின.

டேலி சொன்னதில் பாதி மெய். வங்கி கடன் கொடுக்கும்போது புதுக்காசு பிறக்கிறதென்று 2014 இல் இங்கிலாந்து மத்திய வங்கியே எழுதியது. ஆனால் அந்தக் காசு கைக்கு வந்துவிட்டதே! அதாலே வீடு வாங்கினால் விற்றவனுக்கும் அது காசுதானே.

"கொப்பிக்கு எவ்வளவு குடுத்தனீர்?" என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. "தவணை எத்தினை நிக்குது?"

"மூண்டு, அண்ணை."

திங்கட்கிழமை காலமை இரண்டு பேருமாக வங்கிக்குப் போனோம்.