துல்லிய ஒலிபெருக்கியும் பதிவின் தரமும்: பிளவக்கல் வட்டாரத்தை முன்வைத்து

நல்ல ஒலிபெருக்கி எந்தப் பாட்டையும் இனிமையாக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. பதிவுக்குப் பதிவு உள்ள வேறுபாட்டை மறைக்காமல் காட்டுவதே துல்லியத்துக்கு அளவுகோல். இனிமை சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். இதை விளக்க, துல்லியத்துக்கு நேர் எதிரான மைக் செட் கூம்பிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

பிளவக்கல் அணையைச் சுற்றிய ஊர்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்திலும் கோயில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மார்கழித் திருப்பாவைக்கும் கூம்பு கட்டுவது நெடுநாள் வழக்கம். பேச்சைத் தொலைவுக்கு எட்டவைக்கவே அது வடிவமைக்கப்பட்டது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6000 ஹெர்ட்ஸுக்கு மேலும் அதன் ஒலி விரைவாகத் தேய்கிறது. ஒரு கட்டைச் சுருதியின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மேற்சுரங்களைக் கொண்டு காது அதை ஊகித்துக்கொள்வதால் சுருதி தவறியதாகத் தோன்றாது. தம்புராவின் கனமும் மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியின் அதிர்வும் மட்டும் போய்விடும்.

பாடகர் செங்கோட்டை கிட்டப்பா (1906–1933) காலத்து மின்வழித் தட்டுகள் பிடித்த வீச்சும் ஏறத்தாழ 5000, 6000 ஹெர்ட்ஸோடு நின்றது. ஆகவே கிட்டப்பாவின் தட்டும் 1992இல் வந்த ‘ரோஜா’ படப் பாடல்களும் கூம்பில் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில்தான் ஒலிக்கும். இடையிலான அறுபது ஆண்டுத் தொழில்நுட்பத்தில் பெரும்பகுதியைக் கூம்பு அழித்துவிடுகிறது.

துல்லிய ஒலிபெருக்கி எல்லா அதிர்வெண்களையும் சம அளவில் தருவது; பக்கவாட்டில் பரவும் ஒலியிலும் அந்தச் சீர் குலையாதது; தன் பங்குக்குச் சிதைவு சேர்க்காதது. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின் மறைத்துவைத்துச் செய்த சோதனைகளில் (1986இல் வெளியானவை) கேட்டவர்கள் பெரும்பாலும் இத்தகையவற்றையே விரும்பினர். துல்லியப் பெருக்கியில்தான் மைக் பாடகருக்கு எவ்வளவு அருகில் இருந்தது, ஓசையைக் கூட்டுவதற்காக மிருதங்கச் சொல்லின் உச்சி வெட்டப்பட்டதா என்பன தெரியவருகின்றன. மிருதங்கத்தின் மேற்சுரங்கள் இசைவுடையவை என்று சி. வி. ராமன் 1920இல் காட்டினார். உச்சியை வெட்டும்போது பிறக்கும் புதிய சுரங்கள் அந்த மேற்சுரங்களின் அளவுச் சமநிலையைக் குலைக்கின்றன.

வேறுபாடு கேட்டால் மட்டும் போதுமா? போதாது. குறையுள்ள பெருக்கியும் வேறுபாட்டை உண்டாக்கும்: 3000 ஹெர்ட்ஸில் முனைப்புள்ள ஒன்றில் அந்த இடத்தில் நாகஸ்வரம் குத்தும், புல்லாங்குழல் தப்பிக்கும். எனவே ஒரு விதி தேவை. எந்தப் பதிவைப் போட்டாலும் ஒரே அதிர்வெண்ணில் திரும்பத் திரும்ப வரும் குறை பெருக்கியுடையது அல்லது அறையுடையது. பதிவோடு மாறும் குறை பதிவுடையது. திறந்த வெளியில் இந்தச் சோதனை செல்லாது. தொலைவு கூடக்கூட உயர் அதிர்வெண்களைக் காற்றே உறிஞ்சிவிடும். மலையடிவாரத்தில் எதிரொலியும் கலக்கும்.

துல்லியம் பழைய தட்டுகளைத் தண்டிக்கிறது என்பது இன்னொரு தடை. முள்ளின் இரைச்சல் துல்லியப் பெருக்கியில் கூடுதலாகக் கேட்பது உண்மையே. ஆனால் அந்த இரைச்சல் குரலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது; பாடகரின் கலையையும் தட்டின் குறையையும் காது பிரித்தறிகிறது. தட்டுகளை எண்மமாக்குவோருக்கு இது நடைமுறைப் பாடம். வீச்சுக் குறைந்த பெருக்கியில் கேட்டுக்கொண்டு இரைச்சலை நீக்கினால், அதோடு குரலின் மேல்விளிம்பும் போவது தெரியாது. தெரியாமல் போனதை மூலத்தட்டு இல்லாமல் மீட்கவும் முடியாது. ஆவணக் காப்பகங்கள் பெருக்கியைத் தேர்வதும் பதிப்புப் பணியின் பகுதியே.