மலையகத்து முகச்சவரம்

மனிதன் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் வழக்கம் எங்கும் பரவியது அண்மைக் காலத்துச் செய்தியே ஆகும். அதற்கு முன்னர் எத்தனையோ நூற்றாண்டுகளாக, அரசனாயினும் ஆண்டியாயினும், கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் கையிலிருக்கும் கத்தியை நம்பியே பெரும்பாலும் அமரவேண்டியிருந்தது. பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் பாடினியின் காதழகை வருணிக்குமிடத்தில், மயிர் குறைக்கும் கத்தரிகையின் வளைந்த கைப்பிடியை உவமையாக எடுத்தார் என்றால், நாவிதரின் கருவிகள் நம்மவர் கண்ணுக்கு எவ்வளவு பழக்கமானவையாக இருந்திருக்க வேண்டும்! அத்தனை தொன்மையான ஒரு தொழில், இலங்கையின் தேயிலை மலைகளுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு சிறு உலோகச் சாதனத்தைச் சந்தித்துத் தன் உருவத்தையே மாற்றிக்கொண்ட வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தலவாக்கலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் இடையில், நாற்புறமும் தேயிலைச் சரிவுகள் சூழ அமைந்திருக்கிறது லிந்துலை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டதும், 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை அழிக்கத் தொடங்கியதும், அதன்பின் லிந்துலை அடங்கிய திம்புலைப் பிரதேசமெங்கும் கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டதும் யாவரும் அறிந்த சரித்திரம். 1884 இல் ஹட்டனுக்கும், மறு ஆண்டில் தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டு வந்த மக்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினர். அவர்கள் மண்வெட்டி பிடிக்கும் கைகளை மட்டுமன்றித் தங்கள் கிராமத்தின் ஒழுங்கு முழுவதையும் கொண்டு வந்தார்கள். மாரியம்மனும், தப்பும், காமன் கூத்தும் வந்தது போலவே, துணி வெளுப்பவரும் முகம் மழிப்பவரும் உடன் வந்தனர்.

தோட்டத்து நாவிதரைத் தோட்டத்தார் ‘பாபர்’ என்றே அழைத்தனர். பிற்காலத்துச் சம்பளச் சீட்டுகளைப் பார்த்தவர்களுக்கு, அரிசிக்கும், கோயிலுக்கும், தொழிற்சங்கச் சந்தாவுக்கும் நடந்த பிடிமானங்களோடு, டோபிக்கும் பாபருக்கும் பிடித்த தொகையும் நினைவிருக்கும். கிராமத்தில் அறுவடைக் காலத்தில் களத்து நெல்லாக அளக்கப்பட்ட கூலி, மலைக்கு வந்ததும் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் ஏறும் சதக் கணக்காக மாறியது என்பதைத் தவிர, அவ்வுறவின் உட்பொருள் நெடுங்காலம் மாறவில்லை. பிறந்த குழந்தைக்கு முதல் மொட்டை, மாப்பிள்ளைக்கு மணச்சவரம், இறந்தவருக்குக் கருமாதி நாளின் சடங்குகள், மாசி பங்குனியில் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டும் ஆடவனுக்கு மாசுமறுவற்ற முகம் என்று, ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதற்கும் அவர் கத்தி சாட்சியாக இருந்தது. ஆயினும் அவருக்குரிய மரியாதையை இச்சமூகம் கொடுத்ததா என்று கேட்டால், தலைகுனிந்துதான் பதில் சொல்லவேண்டும். அவருடைய கையின்றி எந்த மங்கலமும் நிறைவேறாது. அவருக்கென்று பந்தியில் ஓரிடமோ கடைசியில்தான்.

அடப்பம் என்னும் அவருடைய கருவிப் பையில் இருந்த பொருள்கள் அதிகமில்லை. மரப்பிடிக்குள் மடங்கும் கத்தி ஒன்று, அதைத் தீட்டச் சாணைக்கல்லும் தோல்வாரும், கத்தரிக்கோல், நகம் எடுக்கும் சிற்றுளி, பித்தளைக் கிண்ணி, கடைசியில் எரிச்சலடங்கத் தேய்க்கும் படிக்காரக் கட்டி ஆகியவையே அவருடைய மூலதனம். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கு இல்லை. ஆதலால் அன்றைய காலைப்பொழுதே சவரத்துக்குரிய காலம். செவ்வாயும் வெள்ளியும் சவரத்துக்கு ஆகாத நாள்கள் என்னும் வழக்கமும் இதற்குத் துணைநின்றது. லயத்து இஸ்தோப்பாகிய திண்ணையிலோ, தண்ணீர் விழும் பீலிக்கரையிலோ ஒருவர் பின் ஒருவராகக் குந்தியிருக்க, அவர் தோல்வாரைக் கால்விரலிடுக்கில் பிடித்துக் கத்தியைப் புரட்டிப் புரட்டித் தீட்டுவார். பிறகு முகத்தில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்து, மயிர் இளகியது என்று விரல்நுனி சொன்ன பிறகே கத்தியை வைப்பார். கன்னத்தின் தோலை இடக்கைப் பெருவிரலால் இழுத்துப் பிடிக்கும் அந்த ஒரு செய்கையில், நூல்கள் எதிலும் எழுதப்படாத ஒரு சாஸ்திரமே அடங்கியிருந்தது.

இங்கே லிந்துலையின் தட்பவெப்பத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். மார்கழி தை மாதங்களில், விடியற்காலையில் பீலித் தண்ணீர் எலும்பைத் தொடும் குளிர்ச்சியோடு விழுகிறது; அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி இறங்கித் தேயிலைத் துளிரைக் கருக்குவதும் உண்டு. வெந்நீரில் ஊறிய மயிர் நீரை உறிஞ்சி விரைவில் இளகிக் கத்திக்கு எளிதில் வழிவிடும். குளிர்ந்த நீரிலோ அது இளகுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். அத்துடன், இது அன்றாடம் மழிக்கும் முகமன்று; வாரம் முழுவதும் மழையிலும் வெயிலிலும் மட்டம் வெட்டி, முள்ளுக் குத்தி, கவ்வாத்து வெட்டிய மனிதனின் ஏழு நாள் தாடி. எஃகைவிடப் பல மடங்கு மென்மையான முடி, எஃகின் கூர்முனையை எப்படிச் சிதைக்கிறது என்பதை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள் 2020 இல் நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து காட்டினர். விளிம்பு சிறுசிறு துணுக்குகளாக உதிர்வதை அவர்கள் கண்டனர். ஒவ்வொரு முகத்துக்குப் பின்னும் கத்தியைத் தோல்வாரில் போட்ட நம் தோட்டத்து நாவிதர், அவ்வுண்மையைத் தம் கையனுபவத்தால் அறிந்தவரே.

இனி அந்தச் சிறு சாதனத்தின் பிறப்பைச் சொல்லவேண்டும். கத்திக்கு ஒரு காப்பு வைத்தால் பழக்கமற்ற கையும் அஞ்சாமல் சவரம் செய்யலாம் என்னும் எண்ணம், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரத்துக் கத்தித் தொழிலாளரான ஜான் ஜாக் பெரேயின் உள்ளத்தில் உதித்தது. 1847 இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன் மண்வெட்டி போலக் கைப்பிடிக்குக் குறுக்கே அலகை அமைத்தார். 1880 இல் அமெரிக்காவில் காம்ப் சகோதரர்கள் காப்புடைய கத்திக்குக் காப்புரிமை பெற்றனர். எனினும் அவற்றின் அலகைத் தீட்டியே தீரவேண்டும். மெல்லிய தகட்டில் இருபுறமும் கூர்வைத்து, மழுங்கியதும் எறிந்துவிடலாம் என்று துணிந்தவர் கிங் காம்ப் ஜில்லெட்; அந்தத் தகட்டைச் செய்யும் முறையைக் கண்டு கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியியலாளர். 1903 இல் விற்றவை வெறும் 51 ரேசர்களே. மறு ஆண்டில் அத்தொகை 90,000 ஐத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கென 35 இலட்சம் ரேசர்கள் கொள்முதலாயின. போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் தாமே சவரம் செய்யும் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டு சென்றனர்.

ஆனால் ஜில்லெட் ரேசரின் தொடக்க விலை 5 டாலர். போருக்கு முந்திய நாணய மாற்றில் அது ஏறத்தாழ 15 ரூபாயாகும். இலங்கையில் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி சட்டப்படி வகுக்கப்பட்ட 1929 இல், மலைநாட்டில் ஓர் ஆணின் நாட்கூலி 54 சதம். அந்தப் பிற்காலக் கூலிக் கணக்கில்கூட, ஏறக்குறைய 28 நாள் உழைப்பை ஒரு ரேசர் விழுங்கிவிடும். தோட்டத்துத் துரையின் பங்களாவில் குளியலறையில் இருந்த பொருள் லயத்துக்கு வராமலிருந்ததில் வியப்பில்லை. 1921 இல் ஜில்லெட்டின் காப்புரிமை முடிவடைந்ததும் நிலைமை மாறியது. நிறுவனம் புதிய மாதிரியை 5 டாலருக்கு வைத்துக்கொண்டு, பழைய மாதிரியை 1 டாலருக்கே விற்க முன்வந்தது. பிற நாட்டுத் தொழிற்சாலைகளும் அதைப் பார்த்துச் செய்து மலிவாகக் கடைகளில் பரப்பின.

அந்தப் பழைய மாதிரியின் அமைப்பில்தான் நம் கதையின் மையம் இருக்கிறது. அதன் அடித்தட்டின் விளிம்பு சீப்பின் பற்களைப் போல இடைவெளி விட்டு வெட்டப்பட்டிருக்கும். நீண்ட மயிர் அந்த இடைவெளிகளில் புகுந்து நிமிர்ந்து நிற்க, அலகு அதன் அடியைத் தொடும். சோப்பு நுரையும் அடைக்காமல் வெளியேறும். அலகின் விளிம்புக்கும் காப்புத் தட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு, அலகு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்னும் இரண்டுமே ஒரு ரேசரின் வீரியத்தை நிர்ணயிக்கின்றன. கைப்பிடியின் திருகைச் சற்றே தளர்த்தினால் அந்த இடைவெளி பெருகி, ரேசர் மேலும் கடுமையாகும். 1938 இல் வந்த டெக் என்னும் மாதிரியில் சீப்புப் பல் நீங்கி, விளிம்பு முழுத் தண்டாயிற்று. அன்றாடம் வெந்நீரில் மழிக்கும் நகரத்து முகத்துக்கு அது மிக இதமானதே. ஏழு நாள் தாடியின்மீதோ அது நுரையும் மயிருமாக அடைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் நாலைந்து முறை இழுக்கவைத்து, கடைசியில் கடுமையான ரேசரைவிட அதிகமாகத் தோலைப் புண்ணாக்கும். இளங்கொழுந்தைக் கிள்ள விரல்நுனி போதும். நான்கைந்து ஆண்டு முற்றிய வாதுக்குக் கவ்வாத்துக் கத்தியே வேண்டும் அல்லவா? கருவியின் கடுமையைக் குற்றமாகவோ குணமாகவோ தனித்துப் பேசுவதில் பயனில்லை. அதை ஏந்தும் மனிதனின் வாரம் எப்படிக் கழிகிறது என்பதைக் கொண்டே அதை மதிக்கவேண்டும்.

என் தாய்மாமன் ஒரு தகர டப்பாவில் இத்தகைய சீப்புப் பல் ரேசர் ஒன்றை வைத்திருந்தார். முலாம் உதிர்ந்து பித்தளை தெரிந்த அந்த ரேசரை, மீசை தடித்த வயதில் எனக்குக் கொடுத்தபோது, அவர் சொன்ன உபதேசம் ஒன்றே: “அழுத்தாதேடா மருமகனே, அதன் பாரத்துக்கு அதுவே இறங்கும்.” அதற்கு முன் நான் உபயோகித்த தண்டு விளிம்பு ரேசர் தாடையின் அடிப்புறத்தில் முரட்டு மயிரைத் தொட்டும் தொடாமலும் நழுவிப் போயிற்று, இதுவோ முதல் இழுப்பிலேயே, காய்ந்த மாணாப்புல்லை அரிவாள் அரிவது போன்ற ஒலியெழுப்பிக்கொண்டு, சுத்தமாக ஒரு பாதை வகுத்தது. சாய்வு சற்றே மாறினும் எச்சரிக்கும் கருவி அது. மயிர் படிந்த திசையிலேயே குறுகிய இழுப்புகளாகச் சென்று, தாடை எலும்பு வளையுமிடத்தில் மணிக்கட்டையும் உடன் வளைத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒருமுறை தண்ணீரில் அலசி, எதிர்த்திசையில் மழிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை முகம் புதிய முகமாகிவிடும். இன்று உலகெங்கும் முரட்டுத் தாடியுடையவர்கள் மறுபடியும் சீப்புப் பல் ரேசரைத் தேடிச் செல்வதைக் காணும்போது, ஜெர்மனியின் முஹ்லே நிறுவனத்தார் ஆர் 41 என்னும் கடுமையான ரேசரைச் செய்து விற்பதை அறியும்போது, மாமனின் விவேகத்தை எண்ணி மகிழ்கிறேன்.

இச்சாதனம் செய்த பெரும் உபகாரம் முகத்தின் அழகைப் பற்றியதன்று. தமிழ்நாட்டுக் கிராமத்தில், ஒடுக்கப்பட்ட சாதியாரின் தலையைத் தொடக்கூடாது என்று ஊர் நாவிதருக்குக் கட்டுப்பாடு இருந்தது. மீறினால் அவருக்கும் தண்டனை. தோட்டங்களில் வாழ்ந்தோரில் பெரும் பகுதியினர் அப்படி விலக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். ரேசர் யாருடைய குலத்தையும் விசாரிப்பதில்லை. தன் முகத்தைத் தன் கையாலேயே மழித்துக்கொண்டு கண்ணாடியில் பார்க்கும் மனிதன், எவருடைய முறைக்காகவும் காத்திராதவன். எவருடைய இளக்காரத்துக்கும் ஆளாகாதவன். 1931 இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்ததும், 1947 இல் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றதும், மறு ஆண்டே இம்மக்களின் பிரஜாவுரிமை பறிபோனதும் இச்சமூகத்தின் பெருஞ்சரித்திரம். அதனடியில், லயத்துச் சுவரில் ஒரு கண்ணாடித்துண்டு மாட்டப்பட்டதும் ஒரு சரித்திரமே.

விடுதலை ஒரு பக்கத்துக்கு மட்டும் வாய்க்கவில்லை. ஞாயிறு தோறும் லயம் லயமாகச் சென்று குந்திய இடத்திலெல்லாம் குந்தி ஊழியம் செய்த நாவிதரின் பிள்ளைகள், லிந்துலை, தலவாக்கலை, ஹட்டன் கடைவீதிகளில் சலூன் திறந்தார்கள். அங்கே வாடிக்கையாளர் வந்து காத்திருக்கிறார். நாற்காலியில் அவர் அமர, தொழிலாளி நிமிர்ந்து நின்று வேலை செய்கிறார். கூலி கையில் காசாக வருகிறது. அதே இருபுற பிளேடைத் தாளுறையோடு இரண்டாக ஒடித்து, ஒருவருக்கு ஒரு பாதி என்று பிடியில் செருகி மழிக்கும் முறையும் வந்து, நோய் பரவும் அச்சத்தைத் தணித்தது. பரம்பரைக் கத்தியை ஒதுக்கிவைத்த அந்தப் பிளேடே, பரம்பரைத் தொழிலாளிக்குப் புதிய ஜீவனமும் தந்தது. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்து தாயகம் திரும்பியபோது, சட்டிபானைகளோடு தகர டப்பாவிலிருந்த ரேசர்களும் கப்பலேறியிருக்கும்.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது மலையக மக்கள் பெருமைப்படத்தக்க காரியம். அத்தகைய சேகரிப்புகளில், கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் பக்கத்தில், நாவிதரின் அடப்பமும் சீப்புப் பல் ரேசரும் அடுத்தடுத்து வைக்கப்படவேண்டும் என்பது என் விண்ணப்பம். அவற்றைக் காணும் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும்: நம் முன்னோரின் முகத்தை நூறாண்டு காலம் துலக்கிய கைகள் தமக்குரிய வணக்கத்தை இன்னும் பெறவில்லை என்பது ஒன்று, ஒரு கருவி நல்லதா என்று தீர்மானிக்கும் உரிமை அதைச் செய்தவருக்கோ விற்றவருக்கோ உரியதன்று, அதனோடு உழைத்தவருக்கே உரியது என்பது மற்றொன்று. முதலாவது கடனை நாம் இனியேனும் தீர்க்கவேண்டும். இரண்டாவதை மறவாதிருந்தால், உழைக்கும் மக்களின் வீட்டுப் பொருள்களிலிருந்தே அவர்களுடைய சரித்திரம் முழுவதையும் எழுதிவிடலாம்.