சொல்லாமற் காக்கும் சொல்
பலர் ஒட்டுக்கேட்கும் கம்பிவழியே பேசியும், தமக்கே உரிய இரகசியத் திறவுகோலை இருவர் ஆக்கிக்கொள்ளலாம் என 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினர். ஆயினும், எதிரிலிருப்பவர் நண்பரா, நண்பர்போல் நடிக்கும் வஞ்சகரா என்பதை அம்முறை உணர்த்தவில்லை.

கடவுச்சொல்லைக் கேட்டு அறியலாமே எனின், மனிதர் நினைவிற்கொள்ளும் சொற்கள் எளியவை. கேட்டுப் பதிந்த செய்தியோடு அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக் கள்வன் அதனைக் கண்டுகொள்வான்.

1992இல் பெல்லோவின், மெரிட் என்போர் இதற்கு வழி கண்டனர். திறவுகோலை ஆக்குதற்கு இருவரும் பரிமாறும் எண்களையே கடவுச்சொல்லால் மறைத்தனர். அவை எழுமாறாக எழுந்த எண்களாதலின், பிழையான சொல்லால் திறப்பினும் வேறோர் எண்ணே தோன்றும். ஊகம் சரியோ பிழையோ என்பது கள்வனுக்குத் தெரியாது. ஒவ்வோர் ஊகத்துக்கும் அவன் வாயிலுக்கே வந்து தட்டவேண்டும். சிலமுறை பிழைத்ததும் கதவை அடைத்துவிடலாம். எளிய சொல்லும் இவ்வாறு காவலாயிற்று.