நியாய வணிக நகரங்கள்

காப்பி, தேயிலை, கொக்கோ, வாழைப்பழம், பருத்தி, கைவினைப் பொருள் முதலியவற்றை விளைவிப்போருக்கும் செய்வோருக்கும் உரிய விலை கொடுத்து வாங்குவது நியாய வணிகம். அவ்வாறு வாங்கப்பட்ட பொருள்களைத் தம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வழிபாட்டு இடங்களிலும் புழங்கச் செய்வதாக உள்ளாட்சி மன்றமும் ஊராரும் சேர்ந்து உறுதி பூண்ட ஊர், நியாய வணிக நகரம் எனப்படுகிறது. 2000இல் இங்கிலாந்தின் சிறிய சந்தை ஊர் ஒன்றில் தொடங்கிய இந்த இயக்கம் 30க்கும் மேற்பட்ட நாடுகளில் 2,000க்கும் அதிகமான ஊர்களுக்குப் பரவியது. லண்டன் போன்ற மாநகரமும் அதில் உண்டு, சில ஆயிரம் பேர் வாழும் கிராமமும் உண்டு. இவ்வளவு பரவிய இயக்கத்துக்கு உலகத் தலைமையகம் என்று சொல்லத்தக்க ஒன்று நெடுங்காலம் இருந்ததில்லை. யார் வழிநடத்துவது, யார் விதி வகுப்பது என்ற கேள்வி அதன் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

முன்வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தேவாலயக் குழுக்களும் தொண்டு நிறுவனங்களும் ஏழை நாடுகளின் கைவினைப் பொருள்களை வாங்கி விற்றதே நியாய வணிகத்தின் தொடக்கம். 1988இல் நெதர்லாந்தில் ‘மாக்ஸ் ஹவேலார்’ என்ற முத்திரை வந்த பிறகுதான் நியாய விலைக் காப்பி சாதாரணக் கடைகளின் அலமாரியை எட்டியது. மெக்சிகோவின் வாஹாகா மாநிலக் காப்பி விவசாயிகளின் கூட்டுறவும், அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃபும், நெதர்லாந்தைச் சேர்ந்த நிக்கோ ரோசனும் அதன் பின்னணியில் இருந்தனர். பிரிட்டனில் 1992இல் ஃபேர்ட்ரேட் அறக்கட்டளை அமைந்தது. அதன் முத்திரை பெற்ற முதல் பொருள்கள் 1994இல் விற்பனைக்கு வந்தன. 1997இல் பல நாட்டு முத்திரை அமைப்புகள் ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒன்றாயின. முத்திரைக்குப் பின்னால் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. சந்தை சரிந்தாலும் விலை ஒரு வரம்புக்குக் கீழே போகாது என்ற உறுதி ஒன்று. விலைக்கு மேல் தரப்படும் ஒரு கூடுதல் தொகை மற்றொன்று. அதைப் பள்ளிக்குச் செலவிடுவதா, கிணற்றுக்குச் செலவிடுவதா என்பதை விளைவிப்போரே கூடி முடிவு செய்வார்கள்.

கார்ஸ்டாங்

லங்காஷயர் மாவட்டத்தில் லங்காஸ்டருக்கும் பிரெஸ்டனுக்கும் நடுவே உள்ளது இயக்கம் தொடங்கிய கார்ஸ்டாங். அங்கே கால்நடை மருத்துவராக இருந்த புரூஸ் குரோதர், ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்க் குழுவை நடத்திவந்தார். தொண்ணூறுகளில் அந்தக் குழு கடைக்காரர்களையும் உணவகங்களையும் தேடிப் போய்ப் பேசியது. பலன் பெரிதாக இல்லை. 2000ஆம் ஆண்டு அணுகுமுறையை மாற்றினார்கள். ஊரின் வணிகர்கள், பள்ளித் தலைவர்கள், பாதிரியார்கள், மன்ற உறுப்பினர்கள் ஆகியோரை ஒரு விருந்துக்கு அழைத்தார்கள். பரிமாறப்பட்டவை, நியாய வணிகப் பொருள்களும் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் விளைந்தவையும்.

இந்தச் சேர்க்கை மிகவும் முக்கியமானது. பாலுக்குக் கட்டுப்படியாகாத விலை கிடைக்கிறதென்று அந்த வட்டாரப் பண்ணைக்காரர்கள் அப்போது மனம் வெந்திருந்தார்கள். கானாவின் கொக்கோ விவசாயிக்கும் லங்காஷயரின் பால் பண்ணைக்காரருக்கும் குறை ஒன்றுதான் என்று எடுத்துச் சொன்னபோது ஊர் காது கொடுத்தது. கருணை காட்டச் சொல்லியிருந்தால் இவ்வளவு எளிதில் நடந்திருக்காது என்றே தோன்றுகிறது. ஏப்ரல் 27 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில், தங்கள் ஊர் உலகின் முதல் நியாய வணிக நகரம் என்று கார்ஸ்டாங் மக்கள் வாக்களித்து அறிவித்தார்கள். எந்த அமைப்பிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்பதற்கு அப்போது விதி என்றே ஒன்று இருக்கவில்லை.

பிரிட்டனின் அன்றைய பன்னாட்டு வளர்ச்சித் துறை இணையமைச்சர் ஜார்ஜ் ஃபோக்ஸ் ஊருக்கு வந்து, இது மற்ற ஊர்களுக்கும் பரவ வேண்டும் என்றார். பிற ஊர்க்காரர்களும் வழி கேட்டு எழுதத் தொடங்கினார்கள். கார்ஸ்டாங்கின் அனுபவத்தை ஃபேர்ட்ரேட் அறக்கட்டளை ஐந்து இலக்குகளாகத் தொகுத்து 2001 நவம்பரில் வெளியிட்டது. உள்ளாட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றித் தன் கூட்டங்களில் நியாய வணிகக் காப்பி, தேநீர் பரிமாற வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் கடைகளும் உணவகங்களும் அப்பொருள்களை வைத்திருக்க வேண்டும். பணியிடங்களும் பள்ளிகளும் வழிபாட்டு இடங்களும் சேர வேண்டும். செய்தி ஊடகத்தின் வழியே ஊருக்குத் தெரியவேண்டும். எல்லாவற்றையும் தொடர்ந்து கவனிக்க ஓர் ஊர்க்குழு வேண்டும். ஐந்தாவது இலக்குதான் மற்ற நான்கையும் தாங்குகிறது. தீர்மானம் போட்ட மன்றம் அடுத்த தேர்தலில் மாறிவிடும். ஊர்க்குழு நிலைத்தால் உறுதியும் நிலைக்கும்.

மூன்று கண்டங்களின் முக்கோணம்

கார்ஸ்டாங்குக்குப் பக்கத்திலுள்ள லங்காஸ்டர், பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை வணிகத்தில் ஈடுபட்ட இங்கிலாந்துத் துறைமுகங்களில் ஒன்று. இங்கிலாந்து, மேற்கு ஆப்பிரிக்கா, அமெரிக்கா என மூன்று கரைகளைத் தொட்டு ஓடிய அந்த வணிகத்தின் நினைவை இயக்கத்தினர் மறைக்காமல் முன்னே வைத்தார்கள். கானாவின் அஷாந்தி பகுதியில் உள்ள நியூ கொஃபோரிடுவா என்ற கொக்கோ ஊரோடு கார்ஸ்டாங் உறவு பூண்டது. அவ்வூர் விவசாயிகள், 1993இல் உருவான ‘குவாப்பா கொக்கோ’ கூட்டுறவைச் சேர்ந்தவர்கள். அந்தக் கூட்டுறவு 1998இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஒரு சாக்லேட் நிறுவனத்திலும் பங்குதாரர் ஆனது. கொக்கோ விளைவிப்பவரே சாக்லேட் நிறுவனத்தில் பங்குடையவராக இருப்பது அன்று அரிதினும் அரிது.

2006 ஜூலையில் பென்சில்வேனியாவிலுள்ள மீடியா என்ற சிற்றூர், அமெரிக்காவின் முதல் நியாய வணிக நகரமானது. தப்பி வந்த அடிமைகளுக்கு இடம் கொடுத்த, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் மரபு அந்த வட்டாரத்துக்கு உண்டு. இவ்வாறு மூன்று கரைகளிலும் ஓர் ஊர் அமைந்தது. 1791இல் பிரிட்டனில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைக் குடும்பங்கள் ஒதுக்கிவைத்த போராட்டத்தை நியாய வணிகத்தின் முன்னோடியாகக் கருதுவோர் உண்டு. கார்ஸ்டாங் இயக்கத்தைப் பொறுத்தவரை அந்தத் தொடர்ச்சி பொருத்தமானதே.

பரவல்

அயர்லாந்தில் கிளோனகில்ட்டி (2003), பெல்ஜியத்தில் கென்ட் (2005), சுவீடனில் மால்மோ (2006), கனடாவில் உல்ஃப்வில் (2007), ஸ்பெயினில் கோர்டோபா (2008), ஜெர்மனியில் சார்புரூக்கன் (2009) என்று நாடுதோறும் முதல் ஊர் ஒன்று எழுந்தது. வேல்ஸ் 2008இலும் ஸ்காட்லாந்து 2013இலும் தம்மை நியாய வணிக நாடுகளாகவே அறிவித்துக்கொண்டன. ஆசியாவில் முதல் ஊர் ஜப்பானின் குமமோட்டோ, 2011. காப்பி விளையும் பிரேசிலில் போசோஸ் டி கால்டாஸ் 2012இல் சேர்ந்தது. பின்னாளில் எண்ணிக்கையில் பிரிட்டனை ஜெர்மனி முந்தியது.

யார் ஒருங்கிணைத்தார்கள்

முதல் சில ஆண்டுகளில் ஒருங்கிணைப்பு என்பது குரோதரின் கடிதங்களும் பயணங்களும்தான். ஃபேர்ட்ரேட் அறக்கட்டளை அவரையே நகரங்களுக்கான ஒருங்கிணைப்பாளராக அமர்த்தியது. 2006இல் லண்டனில் ஐரோப்பிய நாடுகளின் ஆர்வலர்கள் கூடினார்கள்; அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ். அந்தக் கூட்டங்கள் பன்னாட்டு மாநாடாக வளர்ந்து மால்மோ (2011), போலந்தின் போஸ்னான் (2012), குமமோட்டோ (2014), பிரிஸ்டல் (2015), சார்புரூக்கன் (2017), மாட்ரிட் (2018), கார்டிஃப் (2019) என ஊர் ஊராகச் சென்றன. மாநாட்டை நடத்த முன்வரும் நகரமே அந்த ஆண்டு இயக்கத்தின் நடுவிடம். நாளடைவில் பல நாட்டினர் அமர்ந்த பன்னாட்டு வழிநடத்தும் குழு ஒன்று உருவானது. குரோதரும் போலந்தின் ததேயுஷ் மகுல்ஸ்கியும் பன்னாட்டுத் தூதுவர்களாகச் செயல்பட்டார்கள்.

கட்டளையிடும் அதிகாரம் இந்தக் குழுவுக்குக் கிடையாது. ஊர்களுக்குத் தகுதி வழங்குவது அந்தந்த நாட்டு அமைப்பு. அதனால் விதிகள் நாட்டுக்கு நாடு வளைந்து கொடுத்தன. பெல்ஜியத்தில் உள்ளூர் விளைபொருளை ஆதரிப்பது ஆறாவது இலக்காகச் சேர்ந்தது. ஜப்பானிலும் உள்ளூர்ச் சமூகத்துக்குப் புத்துயிர் ஊட்டுவது தனி நிபந்தனையாக வைக்கப்பட்டது. கார்ஸ்டாங் விருந்தில் பால் பண்ணைக்காரருக்கு இருந்த இடம் இப்படி எழுத்தில் ஏறியது.

பெரிய சிக்கல் முத்திரை பற்றியது. ஒரே முத்திரையின் பொருள்களை மட்டும் கணக்கில் கொள்வதா, முத்திரை இல்லாத கைவினைக் கூட்டுறவுகளின் பொருள்களையும் ஏற்பதா என்பதில் நாடுகள் வேறுபட்டன. 2011 இறுதியில் அமெரிக்க முத்திரை அமைப்பு பான் நகரிலுள்ள பன்னாட்டு அமைப்பை விட்டு விலகியபோது அங்கே இந்தக் கேள்வி கூர்மையானது; அமெரிக்க ஊர்கள் பல முத்திரைகளையும் ஏற்கும் வழியைத் தேர்ந்தன. இயக்கம் எந்த முத்திரையின் விளம்பரப் பிரிவாகவும் சுருங்கிவிடாமல் காத்தது இந்தத் தளர்வுதான். மையம் ஒன்று இறுக்கமாக இருந்திருந்தால் அந்தப் பிளவிலேயே ஊர்கள் இரண்டாகியிருக்கும்.

சட்டமும் சோதனைகளும்

உள்ளாட்சி மன்றம் பொதுப் பணத்தில் வாங்கும்போது ஒரு குறிப்பிட்ட முத்திரையைக் கேட்கலாமா? நெதர்லாந்தின் வடக்கு ஹாலந்து மாகாணம் தன் காப்பி இயந்திரங்களுக்கான ஒப்பந்தப்புள்ளியில் மாக்ஸ் ஹவேலார் முத்திரையைக் குறிப்பிட்டதை எதிர்த்து ஐரோப்பிய ஆணையமே வழக்குத் தொடுத்தது. 2012 மே 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: முத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது, ஆனால் அம்முத்திரைக்கு அடிப்படையான நிபந்தனைகளைக் கேட்கலாம். மாகாணம் வழக்கில் தோற்றாலும் இயக்கத்துக்கு வழி திறந்தது. 2014இன் ஐரோப்பியக் கொள்முதல் நெறிமுறை, சமமான பிற சான்றுகளையும் ஏற்பதாக இருந்தால் முத்திரையையே கேட்கலாம் என்றது.

2014இல் லண்டனின் சோவாஸ் கல்லூரி ஆய்வாளர்கள், எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் முத்திரை பெற்ற உற்பத்தி நடக்கும் சில இடங்களில் கூலித் தொழிலாளரின் ஊதியம் மற்ற இடங்களைவிடக் குறைவாக இருந்ததாக வெளியிட்டார்கள். ஒப்பீட்டு முறை சரியில்லை என்று ஃபேர்ட்ரேட் தரப்பு மறுத்தது. மறுப்பில் நியாயம் இருக்கலாம். ஆயினும் சிறு விவசாயிக்குக் கிடைக்கும் நல்ல விலை, அவரிடம் கூலிக்கு வேலை செய்பவரைத் தானாகச் சென்றடைவதில்லை என்ற செய்தியை ஊர்க்குழுக்கள் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

2017இல் பிரிட்டனின் செயின்ஸ்பரி பல்பொருள் அங்காடி நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்கும் தேயிலையில் ஃபேர்ட்ரேட் முத்திரையை நீக்கித் தனக்கென ஒரு திட்டத்தை வைத்தது. கூடுதல் தொகையை எப்படிச் செலவிடுவது என்ற முடிவு லண்டனுக்குப் போய்விடும் என்று ஆப்பிரிக்கத் தேயிலை உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். நியாய வணிக நகரங்களின் குழுக்கள் அவர்களோடு நின்று கடைவாசல்களில் போராடின. 2020இல் நெஸ்லே, கிட்கேட் சாக்லேட்டை அந்த முத்திரையிலிருந்து விலக்கியபோதும் எதிர்ப்பு எழுந்தது. அப்போது இரண்டு முடிவுகளும் மாறவில்லை. ஊர்களின் தீர்மானங்களுக்குப் பெருநிறுவனங்களைத் தடுக்கும் வலிமை இல்லை என்பது அதில் தெளிவானது.

விளைவிக்கும் ஊர்களின் இடம்

நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் சில தேயிலைத் தோட்டங்கள் இந்த முத்திரை பெற்றவை. ஐரோப்பிய ஊர் ஒன்றின் மன்றக் கூட்டத்தில் பரிமாறப்படும் தேநீருக்குக் கொழுந்து கிள்ளுவோரில் தமிழ்ப் பெண்களும் உண்டு. அவர்களுக்கும் கானாவின் கொக்கோ விவசாயிக்கும் இயக்கத்தில் உள்ள இடம் பெரும்பாலும் அழைக்கப்பட்ட விருந்தினரின் இடமே. ஊர்ப்பட்டியலில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பாவில் இருக்கிறது. மாநாடுகளும் பெரும்பாலும் அங்கேயே கூடியிருக்கின்றன. நியூ கொஃபோரிடுவாவும் போசோஸ் டி கால்டாஸும் விளைவிக்கும் ஊரே நியாய வணிக நகரமாக முடியும் என்று காட்டிவிட்டன. வழிநடத்தும் பொறுப்பில் சரிபாதி அத்தகைய ஊர்களுக்கு வர வேண்டும்; அது நடக்கும்வரை இந்த ஒருங்கிணைப்பு பாதி வேலையே.